ஞாயிறு மத்தியானத்தின் அமையச் செலவு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை இனி எவருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை என்று யேசுரத்தினம் மாஸ்டர் வீரசபதம் எடுத்தார். மனதுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டு எடுத்தால் செபஸ்தியம்மாவுக்குக் கேட்டுவிடும்.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் மாஸ்டரின் வீடு. பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புகளுக்குப் பொருளியல் சொல்லிக்கொடுப்பவர். அங்கே அவருக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. வீட்டில் அவருக்குப் பேச்சே கிடையாது.

செபஸ்தியம்மா வாரத்தில் ஆறு நாள் மலையில் கொழுந்தெடுப்பவள். ஏழாம் நாள் பூசைக்குப் போய்வந்து, கோழிக்கறியும் சோறும் ஆக்கிப் போடுவாள். அதைத் தின்றுவிட்டு மாஸ்டர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்கிற நேரம் பார்த்துத்தான் அவளுக்கு விறகு ஞாபகம் வரும். விறகு முடிந்தால் போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட வேண்டும். அதுவும் முடிந்தால் வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கான் அடைத்துக்கொண்டு தேங்கி நிற்கும். வளங்கள் கொஞ்சம், தேவைகளுக்கு அளவே இல்லை என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அதை எழுதியவர் வீட்டிலும் ஒரு செபஸ்தியம்மா இருந்திருக்க வேண்டும் என்பது மாஸ்டரின் துணிபு.

ஒரு வியாழக்கிழமை வகுப்பில் அவர் அமையச் செலவு நடத்திக்கொண்டிருந்தார். ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம், அதற்காக இன்னொன்றைக் கைவிடுகிறோம், அப்படிக் கைவிட்டதுதான் எடுத்துக்கொண்டதன் உண்மையான செலவு. இதைக் கரும்பலகையில் எழுதும்போதே அவருக்குப் பொறி தட்டியது. சோக்கட்டியைப் பிடித்தபடி தானாகச் சிரித்தார். மாணவர்கள் பயந்துபோனார்கள்.

ஞாயிறு வந்தது.

“ஏங்க, கோடாலி வெளியில இருக்கு.”

“இருக்கட்டும். இங்க வந்து உக்காரு. ஒனக்கு ஒரு பாடம் சொல்லணும்.”

“சட்டி கழுவணுங்க.”

“அஞ்சே நிமிசம். நான் ரெண்டு மணிநேரம் விறகு வெட்டுறேன்னு வையி. அதுக்கு என்ன செலவு?”

“ஒரு பிளேன்டீ.”

“அது இல்ல! அந்த ரெண்டு மணிநேரத்துல நான் இருவது புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கலாம். விறகுக்காக அத விடுறேன். அப்ப விறகோட செலவு என்ன? இருவது புள்ளைகளோட எதிர்காலம்!”

“ஆத்தாடி! அம்புட்டு ஒசத்தியான விறகா நம்ம அடுப்புல எரியுது?”

“அதான் சொல்றேன். நான் விறகு வெட்டுனா நாட்டுக்கே நட்டம். எந்த வேலையச் செய்ய யாருக்குக் கொறஞ்ச செலவாகுதோ, அவங்கதான் அதச் செய்யணும்.”

“அப்ப நான் வெட்டுனா நட்டம் இல்லையாக்கும்?”

“ஞாயித்துக்கெழம நீ வேற என்ன செய்யப் போற?”

“செத்த நேரம் படுக்கலாம்ல?”

“தூக்கமெல்லாம் ஒரு வேலையா? அது கணக்குலயே வராது.”

இந்த இடத்தில் மாஸ்டர் வாயை மூடியிருந்தால் பிழைத்திருப்பார். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தன் மனைவி தன் பேச்சைக் கன்னத்தில் கைவைத்துக் கேட்கிறாள் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“நெசமாவே இருவது புள்ளைகள ஒரே நேரத்துல சமாளிப்பீங்களா?” என்று கேட்டாள்.

“இருவதா? நாப்பது வந்தாலும் சமாளிப்பேன்.”

“ஞாயித்துக்கெழமயிலயுமா?”

“படிப்புக்கு ஏது கெழம?”

“சரிங்க. நீங்க படுங்க.”

மாஸ்டர் படுத்தார். அப்படி ஒரு தூக்கம் கல்யாணத்துக்குப் பிறகு அவருக்கு வாய்த்ததே இல்லை. அன்று விறகு வெட்டுகிற சத்தமே கேட்கவில்லை. சேலையை உதறிக் கட்டிக்கொண்டு லயத்துப் பக்கம் இறங்கிப் போனவள் பொழுது சாய்ந்துதான் வந்தாள். இரண்டையும் அவர் யோசித்திருக்க வேண்டும். ஜெயித்தவனுக்கு யோசனை எங்கே வருகிறது?

அடுத்த ஞாயிறு சரியாக இரண்டு மணி. மாஸ்டர் தலையணையைத் தட்டிப் போட்டார். ஒரு காலைக் கட்டிலில் வைத்தார்.

“குட் ஆஃப்டர்நூன், சேர்!”

மலையே எதிரொலித்தது. மாஸ்டர் ஓடிவந்து பார்த்தார். வாசலில் இருபத்து மூன்று பிள்ளைகள், கொப்பியும் பேனையுமாக. சிலர் உட்காருவதற்குப் பாயே கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மேல் லயத்து மாடசாமி விறகுக் கட்டையை நிமிர்த்தி வைத்துக் கோடாலியை ஓங்கிக்கொண்டிருந்தார். போஞ்சிப் பாத்தியில் அவர் மனைவி பெரியாயி கம்பு நட்டுக்கொண்டிருந்தாள். கானுக்குள் இரண்டு பேர் இறங்கி மண் வாரிக்கொண்டிருந்தார்கள்.

“புண்ணியமாப் போகும் மாஸ்டர்,” என்றாள் பெரியாயி. “எங்க யசோதினிக்கு இந்தப் பாடம் மட்டும் ஏறவே மாட்டேங்குது. டவுன் வகுப்புக்கு அனுப்ப எங்களால ஏலாது. வேலையாச் செஞ்சு குடுத்தாப் போதும்னு அக்காதான் சொன்னாங்க.”

மாஸ்டர் மனைவியைக் குசினி அடுப்படிக்குக் கூப்பிட்டார்.

“என்னடி இது?”

“நீங்க சொல்லிக் குடுத்ததுதாங்க. மாடசாமி அண்ணன் அரை மணிநேரத்துல வெட்டுற விறக வெட்ட ஒங்களுக்கு மூணு ஞாயிறு வேணும். அவருக்குப் பாடம் நடத்த வராது. மாத்திக்கிட்டோம்.”

“பண்டமாற்றா? அது என்னைக்கோ ஒழிஞ்சு போன முறை! எனக்கு வேண்டியது ஒன்கிட்ட இருக்கணும், ஒனக்கு வேண்டியது என்கிட்ட இருக்கணும். அப்படி ரெண்டு பேரு சந்திக்கிறது லேசா?”

“நாங்க மலையில தெனம் சந்திக்கிறோமே! ஒருத்திக்கு ரெண்டு கிலோ கொழுந்து கொறஞ்சா முழுப் பேரு போட மாட்டாங்க, பாதிச் சம்பளந்தான். பக்கத்து நெரைக்காரி தன் கொழுந்துல அள்ளிப் போட்டு விடுவா. நாளைக்கு அவளுக்குக் கொறஞ்சா இவ போடுவா. இத எந்தப் புத்தகத்தப் பாத்துங்க செஞ்சோம்?”

 மாஸ்டர் குரலைத் தாழ்த்தி, “என் தூக்கம்?” என்றார்.

“அது கணக்குலயே வராதுன்னீங்களே!”

பிறகு என்ன, வகுப்பு தொடங்கியது. பெரியாயியின் மகள் யசோதினிதான் முதலில் எழுந்தாள்.

“சேர், அமையச் செலவுன்னா என்ன சேர்? எத்தன தடவ படிச்சும் வெளங்கல.”

மாஸ்டர் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருடைய கட்டிலில், அவருடைய போர்வைக்குள், அவருடைய மனைவி கால் நீட்டிப் படுத்திருந்தாள்.

“நாம எது வேணாம்னு விட்டுட்டு வந்தமோ, அதான் புள்ள,” என்றார். “அத இன்னொருத்தர் அனுபவிக்கிறதப் பாக்கும்போதுதான் அது எவ்வளவு பெரிசுன்னு தெரியும்.”

யசோதினிக்கு உடனே விளங்கிவிட்டது. இருபத்து மூன்று பேருக்கும் விளங்கிவிட்டது. ஒருத்தி தன் தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு வந்ததைச் சொன்னாள். இன்னொருத்தன் கிரிக்கெட்டைச் சொல்லிக் கண் கலங்கினான். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் இப்படிப் பாடம் நடந்ததில்லை. கேட்கக் கேட்க மாஸ்டருக்கு உற்சாகம் ஏறியது. நான்கு மணிக்குப் பார்த்தால் விறகு அடுக்கியாயிற்று, போஞ்சிக்குக் கம்பு நின்றது, கானில் தண்ணீர் ஓடியது. அவர் கை காப்புக் காய்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் மனம் நிறைந்துதான் இருந்தது.

ஞாயிறு போனால் போகட்டும், சனிக்கிழமை இருக்கிறது என்று தேற்றிக்கொண்டார். சனிக்கிழமை செபஸ்தியம்மா மலையில் இருப்பாள். வீடு அமைதியாக இருக்கும். ஞாயிறைவிட அதுதான் நல்ல தூக்கம்.

செபஸ்தியம்மா முகம் கழுவிப் பளிச்சென்று தேத்தண்ணியோடு வந்தாள்.

“அருமையாச் சொல்லிக் குடுத்தீங்க. அரைத் தூக்கத்துலயே எனக்கு வெளங்கிருச்சு. கீழ் லயத்து ஆளுகளும் எங்க புள்ளைகளச் சேத்துக்கங்கன்னு கெஞ்சுறாங்க.”

மாஸ்டர் மிடுக்காக ஒரு வாய் தேத்தண்ணி குடித்தார். “இருவத்தி மூணு பேருக்கு மேல இந்த வீடு கொள்ளாது. கண்டிப்பாச் சொல்லிரு.”

“சொல்லிட்டேங்க. அவங்கள சனிக்கெழம வரச் சொல்லிட்டேன்.”