ரோதமுனியிடம் மூன்று தடவை சொன்னது

மேல்பிரிவு, மூன்றாம் லயம்,
எல்ல.
வெள்ளிக்கிழமை, காலை.

அன்பு மச்சான் சுரேசுக்கு, அத்தான் முருகையா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா பெரியாயியும் சுகம். லுணுகலையில் நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாரியம்மனைக் கேட்டுக்கொள்கிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் இனி எந்தச் சாமியிடமும் எதையும் கேட்பதில்லை என்று முடிவு செய்திருப்பதால், தயவுசெய்து நீங்களாகவே சுகமாயிருந்துகொள்ளவும்.

போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிற லயத்தில் சுவருக்குக் காது மட்டுமல்ல, வாயும் உண்டு. இந்த விஷயம் உன் அக்காவுக்குத் தெரியவே கூடாது.

போன ஐப்பசியில் பதுளை ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு வயிற்றுக் கட்டியை எடுத்தார்களே, மறுநாள் நீகூடத் தோடம்பழத்தோடு வந்தாய். முதல் நாள் நடந்தது உனக்குத் தெரியாது. ஒரு மணி நேரத்தில் முடியும் என்று சொல்லி அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். மூன்று மணி நேரமாகியும் கதவு திறக்கவில்லை. சாமியிடம் கேட்கலாமென்றால் அதற்கும் பயம். சாமி சும்மா கொடுக்காது, ஒரு கையால் கொடுத்தால் மறு கையால் பிடித்துக்கொள்ளும் என்பது என் கட்சி. எங்கப்பா மழை கேட்டார். மழை வந்தது, வீட்டுக் கூரைத் தகரம் போய்விட்டது. அதனால்தான் முப்பத்துநாலு வருசம் தேயிலை ஃபேக்டரியில் ரோலர் ஓட்டியும், மெஷினுக்கெல்லாம் காவலாக நிற்கிற ரோதமுனிக்குத் தினமும் கற்பூரம் கொளுத்தியும், "வந்துட்டேன் சாமி", "போயிட்டு வர்றேன் சாமி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினதில்லை.

அன்றைக்கு அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "ரோதமுனி, என் ஆயுசுல பத்து வருசத்த எடுத்து அவளுக்குக் குடுத்துரு" என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு விட்டேனா? ஃபேக்டரிக்காரர்கள் நேர்த்தி வைத்தால் மூன்று தடவை சொல்வோம். ரோலர் சத்தத்தில் சாமிக்கு ஒரு தடவையாவது கேட்கட்டும் என்று முன்னோர் வைத்த வழக்கம். ஆஸ்பத்திரியில் மெஷினும் இல்லை, சத்தமும் இல்லை, ஊசி விழுந்தாலும் கேட்கும். பழக்கதோஷத்தில் அங்கேயும் மூன்று தடவை சொல்லித் தொலைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அவள் பிழைத்துவிட்டாள்.

இப்போது என் சந்தேகம், நான் கொடுத்தது பத்தா, முப்பதா? எனக்கு வயது அறுபத்துநாலு. எங்கள் வம்சத்தில் எண்பதைத் தாண்டினவர் இல்லை. பத்து என்றால் ஒருமாதிரி சமாளித்துக்கொள்வேன். முப்பது என்றால் நான் ஐம்பதிலேயே போயிருக்க வேண்டும். அப்படியானால் இந்தக் கடிதத்தை எழுதுகிறவன் யார்?

அன்றிலிருந்து நிம்மதி இல்லை, மச்சான். மார்கழி மழையில், தண்ணீர் ஓடுகிற கானுக்குள் வழுக்கி விழுந்து செருப்பு அறுந்தது. புதுசு வாங்கச் சொல்லி அக்கா நச்சரித்தாள். எத்தனை நாளைக்கென்று வாங்குவது? அறுந்ததையே கம்பி போட்டுக் கட்டினேன், கம்பி காலில் ஏறி அதற்கு ஒரு ஊசி போட வேண்டியதாயிற்று. போன ஞாயிறு பக்கத்து வீட்டு அழகையா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு" என்றான். அவ்வளவுதான், வேளை வந்துவிட்டது என்று இரண்டு நாள் போர்வையை விட்டு எழும்பவில்லை. ரொட்டிக்கு மா சலித்த கையால் முகத்தைத் துடைத்திருக்கிறேன். அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

கடைசியில், வருசத்துக்குப் பதிலாகச் சேவலைக் கொடுத்துச் சாமியைச் சமாதானம் பண்ணலாம் என்று வீட்டுச் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினேன். நம் ஃபேக்டரிதான் இப்போது டூரிஸ்ட் ஹோட்டல் ஆகிவிட்டதே. ரோதமுனி கார் பார்க்கில் பூந்தொட்டிகளுக்கு நடுவே நிற்கிறார். வாசல் மேசையில் அழகையா மகள் பிரசாந்தினி, நல்ல பிள்ளை.

"பெரியப்பா, புக்கிங் இருக்கா?"

"சாமிகிட்ட முன்னமே புக் பண்ணிட்டேம்மா. அத கேன்சல் பண்ணத்தான் வந்திருக்கேன்."

"பத்து நிமிசந்தான் பெரியப்பா. சேவலு கத்தாமப் பாத்துக்கங்க, கெஸ்ட்டெல்லாம் தூங்குறாங்க."

சேவல் கத்தியது. நாலு வெள்ளைக்காரர்கள் ஓடி வந்து என்னைப் போட்டோ எடுத்தார்கள். அது பரவாயில்லை. சாமி முன்னால் போய் நின்ற பிறகுதான் யோசித்தேன். வருசத்தைத் திருப்பிக் கொடு என்றால் அவர் யாரிடம் போய் வாங்குவார்? அன்று காலையில்தான் அவள் தலைக்குக் குளித்துவிட்டு, என் கம்பிச் செருப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பை நான் எப்படிக் குறைக்கச் சொல்வேன்? "வந்துட்டேன் சாமி, போயிட்டு வர்றேன் சாமி" என்று சொல்லிவிட்டுச் சேவலோடு திரும்பினேன்.

ஆகவே கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவில்லை. உன் சிநேகிதரான கோயில் பூசாரியிடம் இரண்டே விஷயம் விசாரித்து எழுது. மூன்று தடவை சொன்னால் சாமி ஒன்றாக எடுத்துக்கொள்ளுமா? எடுக்கிற வருசத்தைக் கடைசியிலிருந்து எடுக்குமா, இப்போதே எடுக்குமா? யாரோ ஊரில் ஒருத்தர் கேட்டதாகச் சொல்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். அது என் சொந்தச் சரக்கு, யாரையும் கேட்கத் தேவையில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்
முருகையா

பின்குறிப்பு: தம்பி சுரேசு, அக்கா எழுதுறேன். கடுதாசியே எழுதாத மனுசன் கவர் ஒட்ட சோத்துப் பருக்கை கேட்டுச்சு, சந்தேகப்பட்டுப் பிரிச்சுப் படிச்சுட்டேன். படிச்சுட்டு அழுதேன், அப்பறம் சிரிச்சேன். அன்னிக்கு என்னைய உள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப நானும் மாரியாத்தாகிட்ட, "என் ஆயுசுல பத்து வருசத்த அவருக்குக் குடுத்துரு தாயி, அந்த மனுசனுக்கு ஒல வைக்கக்கூடத் தெரியாது, நான் போனா பட்டினியால செத்துரும்"னுதான் கேட்டேன். ஒரே தடவதான் சொன்னேன், கொழுந்து பறிக்கிற எங்களுக்கு மலையில மெஷின் சத்தம் இல்ல. பூசாரிய ஒண்ணும் கேக்க வேணாம். சாமிங்க ரெண்டும் பேசித் தீத்துக்கட்டும். நீ இங்க வர்றப்ப அத்தானுக்கு ஒரு சோடி செருப்பு வாங்கிட்டு வா. எட்டாம் நம்பர். நெறைய வருசம் ஒழைக்கிறதாப் பாத்து வாங்கு.