என் ரத்தமும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும்

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் என் மச்சினன். என் மனைவியெல்லாம் அவனுக்கு அப்புறம்தான்.

நான் பஞ்சர் கடைக்காரன். போன வருஷம் ஜாக்கியைத் தூக்கக்கூட உடம்பில் தெம்பில்லை. டாக்டர் சோதித்துப் பார்த்து, ஆண் ஹார்மோன் குறைவு என்று ஊசி எழுதினார். இதைப் போய் மனைவியிடம் சொன்னால் என் மீசை என்ன ஆவது? சீட்டைக் கடையில் ஒரு பழைய டியூபுக்குள் ஒளித்தேன்.

ஊசியால் தெம்பு வந்தது. கூடவே ரத்தமும் கெட்டியானது. “ரத்த தானம் பண்ணுங்க, குறையும்” என்றார் டாக்டர். டயரில் காற்று ஏறிப்போனால் இறக்கிவிடுகிறோமே, அதுபோல.

எனக்குப் படிப்பு இரண்டாவதோடு சரி. ரத்த வங்கியில் ஃபாரம் நிரப்ப மச்சினனைக் கூட்டிப்போனேன். “அக்காகிட்ட மூச்சு விடமாட்டேன் மாமா” என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். நான் இன்னும் உயிரோடு இருப்பதே ஆச்சரியம்.

கையில் பஞ்சோடு வீட்டுக்குள் நுழைந்தேன்.

“என்னங்க ஆச்சு?”

“முகம் தெரியாத ஒரு உயிருக்கு ரத்தம் குடுத்துட்டு வரேன். பத்து நாள் கனம் தூக்கக் கூடாதாம்.”

“பத்து நாளா?”

“பதினஞ்சுன்னாங்க. நான்தான் பேசிக் குறைச்சேன்.”

பத்து நாளும் தண்ணீர்க் குடம் அவள் இடுப்பில், முட்டை என் தட்டில். மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே. தெருவே என்னை ‘வள்ளல்’ என்றது.

மூன்றாவது தடவை மச்சினன் வரவில்லை. அக்காவை அனுப்பிவிட்டான். ஃபாரத்தை அவளே நிரப்பினாள். ரொம்ப நேரம் எழுதினாள்.

நர்ஸம்மா வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “ஹார்மோன் ஊசி போட்டுக்கறீங்களா ஐயா? டாக்டர் சீட்டு இருக்கா?”

என் மனைவி பையைத் திறந்தாள். அதே சீட்டு. டியூபின் ரப்பர் வாசனைகூடப் போகவில்லை.

“இது உனக்கு எப்படி...”

“முதல் தடவையே தம்பி சொல்லிட்டான், சீட்டு ஒளிச்ச இடத்தையும் சேர்த்து. உடம்பு முடியலைன்னா குடத்தை நான் தூக்க மாட்டேனா? எப்பத்தான் வாயைத் திறந்து சொல்வீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்.” நர்ஸ் பக்கம் திரும்பினாள். “எத்தனை நாள் கனம் தூக்கக் கூடாதும்மா?”

“இன்னிக்கு ஒரு நாள்தான்.”

“கேட்டீங்களா வள்ளலே? நாளையிலேருந்து குடம் உங்களுது.”

ரத்தம் கொடுத்து எழுந்தவனுக்கு ஒரு ஜூஸும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் தந்தார்கள். ஜூஸை என்னிடம் நீட்டினாள். பிஸ்கட்டைப் பைக்குள் போட்டாள்.

“அது யாருக்கு?”

“தம்பிக்கு. இந்த வீட்டுல உண்மை பேசறவன் அவன் ஒருத்தன்தானே.”

என் ரத்தத்துக்கு வந்த பிஸ்கட்டை என் கண் முன்னாலேயே டீயில் தோய்த்துத் தோய்த்துத் தின்றான். இன்றுவரை ஒன்றுகூடத் திருப்பித் தரவில்லை.