ஜிம்மி விழுங்கிய தூண்டில்

மட்டக்களப்பில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். மாமனார், மாமியாரைச் சிரித்துச் சமாளித்துவிடலாம். அந்த வீட்டு நாயைச் சமாளிப்பதுதான் கஷ்டம். (நாய்க்கு உத்தியோகமும் தெரியாது, சாதகமும் தெரியாது. ஆளைத்தான் பார்க்கும்.)

அறுபதுகளில் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண் பூமணி. அவளுடைய அப்பாவை மாமா என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு உயிர், ஜிம்மி என்ற செம்மண் நிற நாய். ஒருநாள் வெளுத்து மடித்த வேட்டியோடு விருந்துக்குப் போனவன் சும்மா இருந்திருக்கலாம். "கறிக்கு மீன் நான் பிடிச்சுத் தாறன்" என்று பூமணிக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, வீட்டு வளவுக்குப் பின்னால் வாவிக்கரையில் போய் நின்றேன்.

தூண்டில் முள்ளில் இறாலைக் கொளுவியதுதான் தாமதம், ஜிம்மி பாய்ந்து கவ்வியது. நான் ஜிம்மியின் மேல் பாய்ந்தேன். இரண்டு பேரும் கட்டிப் புரண்டோம். எழும்பிப் பார்த்தால் இறாலையும் காணோம், தூண்டிலையும் காணோம். அறுந்த தங்கூசி நைலோன் நூல் மட்டும் ஜிம்மியின் வாயிலிருந்து தொங்கியது.

நூலைப் பிடித்து இழுக்கப் போனேன். மாமா ஓடி வந்தார்.

"நூல இழுத்துராதீங்க தம்பி, குடல் கிழிஞ்சிரும்!"

மீன் முள் தொண்டையில் சிக்கினால் எங்கள் பக்கத்தில் சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வார்கள். அதே வைத்தியத்தை நான் தூண்டிலுக்கும் செய்தேன். ஜிம்மி உருண்டை உருண்டையாக விழுங்கிவிட்டு, வாலாட்டி இன்னும் கேட்டது. தொண்டை கிழிந்த நாய் இப்படித் தின்னுமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஐயோ, இப்ப வயித்துக்குள்ள போயிருக்குமே!" என்று பூமணி அழத் தொடங்கினாள்.

நாய்க்கும் பூனைக்கும் அப்போது யார் டாக்குத்தர்? வாவிக்கு அந்தக் கரையில் இருந்தவர் மாட்டு டாக்குத்தர். மாமா தோணியை வலித்தார். நான் ஜிம்மியை அணைத்துக்கொண்டு, நூலை இரண்டு விரலால் பிடித்தபடி குந்தியிருந்தேன். நடு வாவியில் பக்கத்திலேயே ஒரு நீர்க்காகம் தலை நீட்டியது. ஜிம்மி துள்ளியது. தோணி சரிந்து தண்ணீர் உள்ளே வந்தது. நூல் இறுகியது.

"விட்டுராதீங்க! இழுத்துராதீங்க!" என்று மாமா கத்தினார்.

இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வது என்று கேட்க எனக்குத் துணிவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜிம்மி கண்ணை மூடிக்கொண்டது. (தின்ற சோற்றுக்கு நித்திரை. அன்று யார் கண்டது?) சாகிறது என்றே நினைத்தேன். மாமாவின் கண் கலங்கியிருந்தது. என் பக்கம் திரும்பாமலே துடுப்பைப் போட்டார். நாய் போனால் கலியாணமும் போச்சு என்று எனக்கு விளங்கிவிட்டது. பயத்தில் அழுகையே வந்தது.

டாக்குத்தர் எருமைக் கன்றைப் பிடிப்பது போல ஜிம்மியை மடக்கி, வாயைப் பிளந்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நூல் கடவாய்ப் பல்லுக்குள்ள சிக்கிக் கிடக்கு. தூண்டிலக் காணல்லயே" என்றார்.

"அப்ப வயித்துக்குள்ளயா ஐயா?" மாமா கேட்டார்.

பக்கத்திலிருந்த வாங்குப் பலகையில் பொத்தென்று உட்கார்ந்தேன்.

நான் போட்ட சத்தத்துக்கு வெளியே கட்டியிருந்த மாடுகள் எழும்பி நின்றன.

டாக்குத்தர் என்னைத் திருப்பிப் பார்த்தார். வேட்டியின் பின்பக்கச் சுருக்கத்தில் காலையிலிருந்து கொளுவியிருந்த தூண்டில், இப்போது வேட்டியையும் தாண்டிப் போயிருந்தது.

"ஆ, தூண்டில் ஆம்பிட்டுட்டு!" என்றார்.

மாமா ஜிம்மியைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். பிறகு வந்து என் கால் இரண்டையும் அமத்திப் பிடித்தார். மாட்டுக்குப் போடும் ஊசியை எடுத்துக்கொண்டே டாக்குத்தர் சொன்னார்:

"பயப்படாதீங்க தம்பி. உதைக்க மட்டும் வேணாம்."

கலியாணம் நடந்தது. பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இன்றைக்கும் எனக்குக் காய்ச்சல் என்றால் பூமணி நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்பாள்: "ஆசுபத்திரிக்குப் போவமா, இல்லாட்டி உங்கட டாக்குத்தரக் கூப்பிடவா?"