பின் லைட் கேஸ்

“வண்டியப் பிடிச்சுட்டாங்கப்பா” என்றான் முனீஸ்.

ராமர் அப்போதுதான் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி கேட்டைத் தாண்டி வெளியே வந்திருந்தார். புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. நிட்டிங் மெஷின்களின் இரைச்சல் இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்ததால், மகன் சொன்னது பாதிதான் விழுந்தது.

“யாரு பிடிச்சா?”

“போலீஸ். செக்போஸ்ட்ல. பின் லைட் எரியல, மேல் மூடியும் உடஞ்சு கெடக்குன்னு லைசென்ஸ வாங்கி வச்சுக்கிட்டாரு. சரி பண்ணிக் கொண்டாந்து காட்டுனாத்தான் தருவாராம்.”

“நாளைக்கு ரயில் ஏறப் போறவன்டா நீ!”

“அதான்ப்பா. இன்னைக்குள்ள காட்டலன்னா கேஸ் எழுதிருவேன்னுட்டாரு.”

கேஸ் என்ற சொல் மட்டும் ராமருக்கு முழுசாகக் கேட்டது. முனீஸுக்குப் பட்டாள ஆளெடுப்பில் இடம் கிடைத்தபோது, விசாரிக்க வந்த போலீஸ்காரர் வேலம்பாளையம் லைன் வீட்டு வரிசையில் ஒவ்வொரு கதவாகத் தட்டி, “பையன் மேல ஏதாச்சும் கேஸ் இருக்குதுங்களா?” என்று கேட்டார். அவர் போகும்வரை ராமர் கையைக் கட்டியபடியே நின்றார். ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார். இப்போது ஒரு லைட்டினால் கேஸ் இருக்கிறது என்றாகிவிடுமோ?

உள்ளேயிருந்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். “ராமரண்ணா, டீ குடிச்சுட்டு வெரசா வந்துருங்க. பகலுக்கும் நீங்கதானுங்க. ஷிப்மென்ட்டுங்க!”

“வரலீங்க. ஒரு கேஸு.”

சூப்பர்வைசர் கையிலிருந்த நூல் கோனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். மாமனார் இறந்த செய்திக்கே ஷிப்ட் முடித்துவிட்டுப் பஸ் ஏறியவர் ராமர். காய்ச்சலென்றால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் நிற்பார். அவர் வாயிலிருந்து ‘வரலீங்க’ என்று ஒரு சொல் வரும் என்று அந்தக் கம்பெனியில் யாரும் எதிர்பார்த்ததில்லை.

அப்பாவும் மகனும் ஒரே கம்பெனியில்தான் இருந்தார்கள். அப்பாவுக்கு ராத்திரி, மகனுக்குப் பகல். காலையில் முனீஸ் வண்டியில் வந்து இறங்குவான். ராமர் ஏறிப் போவார். சாயங்காலம் ராமர் வந்து இறங்குவார்; முனீஸ் ஏறிப் போவான். வீட்டில் இருவருக்கும் ஒரே பாய். பகலில் அப்பா படுத்தார், இரவில் மகன் படுத்தான். ஞாயிற்றுக்கிழமை ராமர் செத்தவர் மாதிரித் தூங்குவார். ஆக, கேட் வாசலில் சாவி கை மாறும் நேரம்தான் இருவரும் முகம் பார்த்த நேரம்.

“பெட்ரோல் இருக்கா?”

“இருக்குப்பா.”

“காத்து?”

“அடிச்சாச்சு.”

மகனுக்கு மீசை முளைத்ததிலிருந்து அவனோடு ராமர் பேசிய பேச்சு ஏறக்குறைய இவ்வளவுதான். பட்டாளத்துக்குப் போவதற்காக வேலையை விட்ட பின்பும், காலையில் வண்டியைக் கொண்டுவந்து கொடுப்பதை மட்டும் அவன் நிறுத்தவில்லை.

“மெக்கானிக்கெல்லாம் எதுக்கு? நானே போடுறேன்” என்றார் ராமர். கேட்டருகே கிடந்த வேஸ்ட் மூட்டையிலிருந்து சிவப்பு பனியன் துணி ஒன்றை உருவினார். அறுந்து தொங்கிய வயர்களை முறுக்கினார். பல்பின் மேல் துணியைச் சுற்றி நூலால் கட்டினார். லைட் சிவப்பாக எரிந்தது. தள்ளி நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். அவருக்கே பிடித்திருந்தது.

முனீஸ் ஓட்ட, ராமர் பின்னால் உட்கார்ந்தார். நெருப்பெரிச்சல் ஊரைத் தாண்டியிருக்க மாட்டார்கள்.

“அப்பா, எதோ கருகுற வாட வருது.”

“எங்கிட்டு?”

முனீஸ் திரும்பிப் பார்த்தான். “உங்க அடியில.”

ராமர் குதித்து இறங்கி, தோள் துண்டால் அடித்து அணைத்தார். துணி பாதி கருகியிருந்தது. பின் லைட் போனது போக, முன் லைட்டும் ஹாரனும் அதோடு போயிருந்தன.

வேலம்பாளையத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த தங்கதுரை, குனிந்து பார்த்தவன் நிமிர நேரமெடுத்துக்கொண்டான்.

“ஏனுங்ண்ணா, லைட்டுக்கு எதுக்குங்க ஜட்டி போட்டு உட்டீங்க?”

முனீஸ் சிரித்தான். ராமர் முறைத்ததும் நிறுத்திக்கொண்டான்.

தங்கதுரை சீட்டைக் கழற்றினான், டேங்கைக் கழற்றினான், உள்ளே இருந்த வயர்களையெல்லாம் குடலை உருவுவதுபோல் வெளியே இழுத்துப் போட்டான். அப்பாவும் மகனும் பழைய டயர்கள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாததால் ராமருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“அப்பா, ஊர்ல நீங்க நல்லா ஓடுவீங்களாமே? அம்மா சொல்லுச்சு.”

“அவளுக்கு வேற வேல இல்ல.”

“நெசமாவா?”

“அந்தப் பய சிவப்பு வயர எதுல சொருகுறான்னு பாரு. பேச வந்துட்டான்.”

முனீஸ் சிவப்பு வயரைப் பார்த்தான்.

தங்கதுரை எல்லாவற்றையும் மாட்டி, பிரேக்கை மிதித்தான். லைட் பளிச்சென்று எரிந்தது. கூடவே ஹாரன் அலறியது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“லைட்டு எரியுதுங்களா, இல்லீங்களா?” என்றான் தங்கதுரை.

“எரியுது. ஆனா பிரேக் போட்டா ஹாரன் அடிக்குதே?”

“போலீசு லைட்டத்தானுங்க கேட்டாங்க? நடுவுல புது வயரு ஒண்ணு போடோணுங்க. சாயங்காலமா வாங்க, பாத்துக்கலாமுங்க.”

அன்றைக்கு முனீஸ் பிரேக் போட்ட இடத்திலெல்லாம் ஊர் திரும்பிப் பார்த்தது. வேகத்தடையில் அலறினார்கள். சிக்னலில் காலை எடுக்க முடியாமல், பச்சை விழும்வரை விடாமல் அலறினார்கள். முன்னால் நின்ற தண்ணி லாரிக்காரர் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, லாரி மேல ஏறித் தாண்டறீங்களா?” என்று கேட்டார். ராமர் பின்னால் உட்கார்ந்தபடி கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார்.

செக்போஸ்டுக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்திய முனீஸ், “நீங்க இருங்கப்பா. உங்களப் பாத்தா ‘அப்பனக் கூட்டியாந்துட்டியா’ன்னு சத்தம் போடுவாரு” என்று தனியாகப் போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

“லைசென்ஸ வாங்குன எஸ்.எஸ்.ஐ. அவிநாசிபாளையத்துக்கு பந்தோபஸ்து போயிட்டாராம்ப்பா. அங்க வரச் சொல்றாங்க.”

“அவ்வளவு தூரமா?”

“என்னப்பா செய்ய?”

தாராபுரம் ரோட்டில் பாதித் தூரம் போவதற்குள் ராமரால் அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி, முன்னால் கை விட்டு, ஹாரன் வயர் என்று நினைத்த ஒன்றைப் பிடுங்கினார். ஹாரன் நின்றது. லைட் நின்றது. அதற்கப்புறம் வண்டியே கிளம்பவில்லை.

தள்ளினார்கள். முனீஸ் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். ராமர் பின்னாலிருந்து தள்ளினார். வெயில் தாரில் பட்டுக் கண்ணில் அடித்தது. ராத்திரி முழுக்கக் கண் விழித்த உடம்பு. முன்னால் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தார். எப்போது இவ்வளவு அகலமானான் இவன்? தனக்குத் தெரியாமல் யாரோ வளர்த்துவிட்ட பிள்ளை மாதிரி இருந்தது.

“அப்பா.”

“ம்.”

“ட்ரெய்னிங்ல இருக்கப்ப லெட்டர் போட்டா படிப்பீங்களா?”

“போன்தான் இருக்கே.”

“ஆரம்பத்துல போன் தர மாட்டாங்கப்பா.”

ராமர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தள்ளினார். கொஞ்ச தூரம் போனபின் முனீஸ் நின்றான். “உக்காந்துட்டுப் போவோமாப்பா? அந்த வேப்ப மரத்தடியில.”

“நேரமாச்சு.”

“கொஞ்ச நேரம்.”

அவன் குரல் ஒரு மாதிரியாக இருந்தது. ராமருக்குள் காலையிலிருந்து கிடந்த ஏதோ ஒன்று சட்டென்று புரிந்துவிட்டதுபோல் இருந்தது. லைசென்ஸைப் பறிகொடுத்தவனுக்கு முகத்தில் கவலையே இல்லை. நேரமாச்சு என்றாலும் உட்காரலாம் என்கிறான். இவனுக்குப் போக மனமில்லை.

“போகப் பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லித் தொலடா” என்று கத்தினார். “எதுக்கு வண்டி மேல சாக்குச் சொல்லி நாளக் கடத்துற? கேஸு விழுந்தா ட்ரெய்னிங் போக வேண்டாம்னு பாக்குறியா? நானும் தூக்கத்தக் கெடுத்து, ஷிப்ட விட்டு, உன் பின்னாடி நாயா அலையணுமா?”

முனீஸ் ஹேண்டில்பாரை விடாமல் அப்படியே நின்றான். காற்றாலை இறக்கையின் நிழல் ரோட்டைக் கடந்து போனது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, “போகணும்னுதான்ப்பா இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ள ஆரம்பித்தான்.

அவிநாசிபாளையம் வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்கள். ராமருக்குத் தான் கத்தியது அதிகம் என்று பட்டது. எப்படித் திரும்ப எடுப்பதென்று தெரியவில்லை. சக்கரம் உருளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது.

அங்கிருந்த மெக்கானிக் புது வயர் போட்டு, ஹாரனையும் பிரேக்கையும் பிரித்துவைத்தார். வண்டி ஒழுங்காக ஓடியது. பேக்கரி வாசலில் ராமர் நிற்க, முனீஸ் தனியாகப் போய்ப் பெரிய தொப்பையோடு நின்ற எஸ்.எஸ்.ஐ.யிடம் பேசினான். அவர் தலையைத் திருப்பி ராமரைப் பார்த்தார். ராமர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். அவர் முனீஸின் தோளில் கை வைத்து ஏதோ சொல்லி, சிரித்தபடி கையை வீசினார்.

திரும்பி வந்த முனீஸ், “சைடு மிரரும் வேணுமாம்ப்பா” என்றான்.

“சிரிச்சுக்கிட்டே சொல்றான் பாரு! குசும்பு பிடிச்ச ஆளு.”

மிரர் தேடினார்கள். கிடைப்பதற்குள் ரெண்டு டீயும் முட்டைப் பப்ஸும் ஆயிற்று. முனீஸ் அதைப் பொட்டுப் பொட்டாகப் பிய்த்துத் தின்றான். ராமர் மூன்று வாயில் முடித்துவிட்டு, அவன் முடிப்பதற்காக நின்றார். மிரரை மாட்டிக்கொண்டு அவன் மறுபடியும் போனான். வரும்போது கையில் லைசென்ஸ் இருந்தது.

ராமர் அதை வாங்கி இரு பக்கமும் பார்த்தார். நெஞ்சுக்குள்ளிருந்த கல் இறங்கியது. இறங்கிய இடத்தில் எரிச்சல் வந்து உட்கார்ந்தது.

“ஒரு நாளு பாழு” என்றார்.

முனீஸ் வண்டியைக் கிளப்பினான். திரும்பும் வழியில் மிரரைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே வந்தான். அதில் மகனுடைய கண்கள் தன்னையே பார்ப்பதை ராமர் கவனித்தார்.

“ரோட்டுக்கு நேரா வைடா. என் மூஞ்சியவா பாக்கப் போற?”

“ரோடு தெரியுதுப்பா.”

நேராகக் கம்பெனி கேட்டில் இறக்கிவிடச் சொன்னார். பகலை விட்டாயிற்று, ராத்திரியையுமா விடுவது? உள்ளே போகுமுன் வழக்கம்போல், “பெட்ரோல் இருக்கா?” என்று கேட்டார். முனீஸ் தலையாட்டினான். அவன் உடனே கிளம்பவில்லை என்பதை உள்ளே போய், மெஷினைத் தொட்டபிறகுதான் யோசித்தார்.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் பஞ்சும் தலையுமாக ஓடினார். ரயில் நகரத் தொடங்கியிருந்தது. மனைவி சீனியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்து அழுதுகொண்டே கூட நடந்தாள். ராமர் அவளைத் தாண்டி ஓடினார். 

“லைசென்ஸப் பத்திரமா வச்சுக்க!” என்று கத்தினார்.

முனீஸ் சிரித்தான். தூரத்தில் கையாட்டினான். அவ்வளவுதான்.

போன் வரவில்லை. ராமர் வழக்கம்போல் ராத்திரி ஷிப்ட் போனார். கேட்டில் சாவியை நீட்ட ஆளில்லாததால் அது சட்டைப் பையிலேயே கிடந்தது. பகலில் பாய் முழுக்க அவருடையதாக இருந்தும் தூக்கம் வரவில்லை. வண்டியில் உட்கார்ந்தால் மிரரில் ரோடு தெரியாது, முதுகுக்குப் பின்னாலிருந்த காலி சீட்டுதான் தெரியும். சரி செய்யக் கை போகும், பிறகு விட்டுவிடுவார்.

ஒரு நாள் காலை செக்போஸ்டில் அதே எஸ்.எஸ்.ஐ. நின்றுகொண்டிருந்தார். சட்டையில் மணியன் என்று பெயர் இருந்தது. ராமரே போய் வண்டியை நிறுத்தினார். சல்யூட் அடித்தார். பிரேக்கை மிதித்து, பின்னால் பார்க்கும்படி கையைக் காட்டினார்.

“இன்னும் எரியுது பாருங்கய்யா. ஹாரன் கத்தாது. அன்னைக்கு எம்மகன் முனீஸு லைசென்ஸ நீங்கதான் வாங்கி வச்சிருந்தீங்க, கேஸு எழுதாம விட்டீங்க. பட்டாளத்துக்குப் போயிட்டான்.”

மணியன் வண்டியைப் பார்த்தார். ராமரைப் பார்த்தார். யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

“அட, அந்தத் தம்பியோட அப்பாவுங்களா நீங்க? நான் எந்த லைசென்ஸும் வாங்கலீங்க. முந்தின நாளே எங்கிட்ட வந்து, ‘கேஸுன்னு சொன்னாத்தானுங்க சார் எங்கப்பா லீவு போடுவாரு, அவருகூட ஒரு பகலாவது இருந்துட்டுப் போகோணும், நான் வந்து பேசறப்ப சும்மா தலைய மட்டும் ஆட்டுங்க’ன்னு கேட்டுச்சுங்க.”