தூக்குக்குண்டு அண்ணாச்சியின் இடது செருப்பு

இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் மட்டும் யாரும் கூன் போட்டு நிற்க முடியாது. காரணம், தூக்குக்குண்டு அண்ணாச்சி. சுவர் நேராக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்கள் நூலில் கட்டித் தொங்கவிடும் இரும்புக் குண்டு இருக்கிறதே, அதை அவர் சுவருக்குப் பிடித்ததைவிட மனிதர்களின் முதுகுக்குப் பிடித்ததுதான் அதிகம். பிள்ளைகளே, அப்படிப்பட்டவரின் இடது காலே போகப் பார்த்த கதை இது.

நான் பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் பார்க்கிறேன். அங்கே காம்பவுண்டுச் சுவர் கட்ட வந்தவர்தான் அண்ணாச்சி. சுவர் எழும்பியதும் முதலாளி வந்து, நேராக இருக்கிறதா என்று கேட்டார். அண்ணாச்சி குண்டைச் சுவரில் தொங்கவிட்டார். பிறகு முதலாளியின் பிடரியில் தொங்கவிட்டார்.

"செவரு நேரா இருக்கு மொதலாளி. நீங்கதான் ரெண்டு வெரக்கடை முன்னால சாஞ்சிருக்கீய."

"செவத்த மட்டும் பாருய்யா."

"செவரு விழுந்தா நான் கட்டிருவேன். ஒங்க முதுகு விழுந்தா யாரு கட்ட?"

அன்று முதல் அவரைக் கண்டாலே முதலாளி மூச்சைப் பிடித்து நெஞ்சை நிமிர்த்துவார். அண்ணாச்சி தெருமுனை திரும்பியதும் புஸ்ஸென்று இறங்கிவிடுவார்.

அண்ணாச்சியிடம் ஒரு பாடம் உண்டு. "முதுகெலும்பு பைப்பு மாதிரி தம்பி. உள்ள வயரு மாதிரி நரம்பு ஓடுது. பைப்பு நசுங்குனா வயரு என்ன செய்யும்? முதுகு நிமிந்தாப் பசிக்கும், தூக்கம் வரும், பொண்டாட்டி மேல கோவம் வராது." கடைசியாகச் சொன்னது எனக்கு இன்னும் பலிக்கவில்லை. மற்றவை உண்மைதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கடையில் குனிந்து பால்கோவா கிண்டிக்கொண்டிருந்தவரின் முதுகிலும் குண்டு தொங்கியது. அவர் திரும்பாமலே சொன்னார்: "நான் நிமிந்தா பால்கோவா அடிபிடிச்சிரும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

அண்ணாச்சி நூலைச் சுருட்டிக் குண்டைப் பையில் போட்டார். "கிண்டுங்க," என்றார்.

எனக்கு இடுப்பு பிடித்தபோது எங்கள் ஊர்க்காரன் செய்வதைத்தான் நானும் செய்தேன். கம்பெனியில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியை நெஞ்சிலிருந்து இடுப்புவரை சுற்றிக்கொண்டு மரப்பாச்சி போல நின்றேன். அண்ணாச்சி குண்டைப் பிடித்துப் பார்த்தார். "கட்டு நேராத்தான் இருக்கு. உள்ள இருக்க ஆளுதான் கோணல்," என்று அதை அவிழ்த்துப் போட்டார். குனியாமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து பெட்டியைத் தூக்கப் பழக்கினார். நீங்களும் புத்தகப் பையை அப்படியே தூக்குங்கள்.

ஒரு நாள் மாலை எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார். இடது செருப்பு வாசலிலேயே கிடந்தது. அவர் பாட்டுக்கு நடந்தார்.

"அண்ணாச்சி, செருப்பு இங்கன கெடக்கு," என்று என் மனைவி கூப்பிட்டாள்.

"மறந்துட்டேன் தாயி."

மறுநாளும் மறந்தார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. "செருப்ப யாராச்சும் மறப்பாவளா? கழண்டதே அவியளுக்குத் தெரியல," என்றாள்.

நான் போய்க் கேட்டேன். மழுப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இடுப்புல இருந்து பாதம் வரைக்கும் மரத்துக்கெடக்கு தம்பி. டாக்டருட்ட போனா செவரு கட்டுற சாரத்துல ஏறாதம்பாரு. ஏறாம நான் எதுக்கு?" என்றார்.

ஊரார் முதுகுக்கெல்லாம் பிடித்த குண்டை அவரால் தன் முதுகுக்குப் பிடிக்க முடியாது. பின்னால் இன்னொருவர் நிற்க வேண்டும். அவர் பையிலிருந்து குண்டை எடுத்து நானே பிடித்தேன். நூல் ஒரு பக்கம் நின்றது, அண்ணாச்சி ஒரு பக்கம் நின்றார்.

"எம்புட்டு தம்பி?"

"நீங்க செவரா இருந்தா இடிச்சுட்டுத்தான் கட்டணும் அண்ணாச்சி."

சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். முதுகில் நரம்பு நசுங்கியிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கால் திரும்பியிருக்காது என்றார் டாக்டர். ஆபரேஷன் நடந்தது. முதுகெலும்பு இயல்பாகவே கொஞ்சம் வளைந்துதான் இருக்கும், அதைக் குண்டு வைத்துப் பார்க்க முடியாது என்றும் டாக்டர் விளக்கினார். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பியதும் அண்ணாச்சி என் காதில் சொன்னார்: "அவரும் கோணல்தான் தம்பி. அதான் அப்படிச் சொல்லுதாரு."

இப்போது சாரம் ஏறுவதில்லை. கீழே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வேலை ஏவுகிறார். மாலையில் எங்கள் தெருவில் நடக்கிறார்.

இதை எழுதிக்கொண்டே காகிதத்தின் மேல் கவிழ்ந்துவிட்டேன். வெளியே செருப்புச் சத்தம் வருகிறது. இரண்டு செருப்பும் கேட்கிறது. நான் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.