காளான் திருடனைப் பிடிக்கப் போன இவாவோ

இன்றைக்குத் திருடனைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று இவாவோ சபதம் எடுத்தார். சபதத்தைச் சத்தம் போட்டு எடுக்க முடியவில்லை. எதைத் திருடினான் என்று வாயைத் திறந்தால், எங்கே திருடினான் என்றும் சொல்ல வேண்டி வருமே!

மினோசாவா ஊரில் யாராக இருந்தாலும் தன் மூலநோயைப் பற்றிக் கூடச் சந்தையில் நின்று பேசுவார். மாமியார் சண்டையை அக்கம்பக்கம் கேட்கப் போடுவார். ஆனால் பொன் விலைக்குப் போகிற பைன் காளான் பறிக்கிற இடத்தைப் பற்றி மட்டும் மூச்சு விட மாட்டார். இவாவோவுக்கு அவருடைய அப்பா அந்த இடத்தைச் சொன்னது ஆஸ்பத்திரிக் கட்டிலில், டாக்டரை வெளியே அனுப்பிவிட்டு. பெண்டாட்டி மித்சுயோவுக்கு இதுவரை தெரியாது. இவாவோவும் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் மீன் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆற்றுப் பக்கமாகக் கிளம்பி, ஊரை முழுக்கச் சுற்றி, யாரும் பின்னால் வரவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் மலையேறுவார்.

இந்த வருஷம் போய்ப் பார்த்தால் மரத்தடி துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஒரு காளான் இல்லை! மறுநாள் போனார். இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வெறுங்கையோடு கடைத்தெரு வழியாக வந்தவர் கண்ணில், சயோரியின் சாப்பாட்டுக் கடை வாசல் பலகை பட்டது. 'இன்று பைன் காளான்.'

எவனோ என் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான்! அவனை அந்தக் கடையிலேயே பிடித்துவிடலாம் என்று இவாவோ நேரே வீட்டுக்கு நடந்தார்.

"மித்சுயோ, இன்னைக்கு வெளிய சாப்பிடலாம்."

"ஏங்க, உடம்பு ஏதும் சரியில்லையா?"

"பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போய் ஒரு வேளை நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுக்கணும்னா உடம்பு கெட்டுப் போகணுமா?"

"கல்யாணமானதிலேருந்து நல்ல ஆரோக்கியமா இருந்தீங்களே, அதான் கேட்டேன்."

அதற்குள் அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

சயோரியின் கடையில் எட்டே எட்டு முக்காலி. பக்கத்து ஆள் முழங்கையை மடக்கினால்தான் நாம் வாயைத் திறக்கலாம். சமைப்பது, பரிமாறுவது, அதட்டுவது எல்லாம் சயோரி ஒருத்திதான். உப்பைத் தவிர மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதையும் வாங்க மாட்டாள். ஒவ்வொரு தட்டை வைக்கும்போதும் அதன் ஊர், பெயர், வம்சம் எல்லாம் சொல்லித்தான் வைப்பாள்.

"மேல் ஓடை மீன். காலையில நீந்திட்டிருந்தது. இந்த முள்ளங்கி தபால்காரர் வீட்டுத் தோட்டம். ஊறுகாய் அவங்க மாமியார் போட்டது, அதான் கொஞ்சம் உறைப்பு."

இவாவோவுக்கு மீனும் இறங்கவில்லை, முள்ளங்கியும் இறங்கவில்லை. மற்ற ஆறு முக்காலியையும் நோட்டம் விட்டார். பக்கத்தில் அடுத்த வீட்டு குராஷினா உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தான். ஊரிலேயே பெரிய மோப்பக்காரன். பூட்ஸில் மண்!

"என்ன குராஷினா, பூட்ஸ்ல மண்ணு?"

"உருளைக்கிழங்கு தோண்டினேன் அண்ணே."

"எங்க?"

"தோட்டத்துலதான். வேறெங்க, கூரையிலயா?"

அப்போது காளான் சூப்போடு சின்ன மண் கெண்டி வந்தது. இவாவோ மூடியைத் திறந்தார். ஆகா! அந்த வாசனை! மூக்கு வழியாக நுழைந்து முதுகு வரை போனது. என்னுடையது, சத்தியமாக என் மரத்தடிக் காளான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சயோரி, இது எங்கேருந்து வந்துச்சு?"

"மலையிலேருந்து அண்ணே."

"எந்த மலை?"

"அங்க நிக்குதே, அது."

"கொண்டாந்தது யாரு?"

"முள்ளங்கியக் கேளுங்க, பாட்டன் பேரு வரைக்கும் சொல்றேன். காளான் கதையை மட்டும் கேட்காதீங்க. நாளைக்கு என் கடைக்கு எவன் கொண்டாந்து கொடுப்பான்?"

நியாயம்தான். இவாவோவும் அந்த நியாயத்தில் பிறந்து வளர்ந்தவர்தானே! பல்லைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் மித்சுயோ சூப்பைச் சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுக்குப் போயா இப்படி அலட்டிக்கிறீங்க? இது நம்ம பக்கத்துச் சரக்கே இல்லை. ஆத்துக்கு அந்தப் பக்கம் முளைக்கிற சப்பைக் காளான்."

"சப்பையா? இதுவா சப்பை?"

"வாசனையே இல்லையே."

"உனக்குச் சளி பிடிச்சிருக்கா?"

"எனக்கென்னவோ வடக்குச் சரிவுன்னு தோணுது."

"வடக்கா!" இவாவோவின் குரல் ஏறியது. "வடக்குல வெயில் படுமா? இந்த வாசனை அங்க வருமா? மண்டைக்கு ஏறுதே, இது தெற்குச் சரிவு!"

"தெற்கால ஏதுங்க பைன் மரம்? எல்லாத்தையும்தான் எப்பவோ வெட்டிட்டாங்களே."

"வெட்டிட்டாங்களா? யாருகிட்ட சொல்ற?"

"போன வருஷம் நானே பார்த்தேன். மொட்டை. நீங்க மலைப்பக்கம் போறதே இல்லை, மீன் பிடிக்கிறவருக்கு என்ன தெரியும்?"

ஒரு மனுஷன் எவ்வளவுதான் பொறுப்பான்? இவாவோ கவுன்டரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"எனக்கா தெரியாது? நரிக் கோயிலுக்குப் பின்னால ஏறி, உடைஞ்ச கல்விளக்கைத் தாண்டினா, இடி விழுந்து ரெண்டாப் பிளந்த செம்பைன் மரம் ஒண்ணு நிக்குதே, அதை எவன் வெட்டினான்? அதோட வேரடியில முளைச்சதுடி இது! என் மூக்கு பொய் சொல்லாது!"

கடையில் அத்தனை சாப்பாட்டுக் குச்சிகளும் அந்தரத்தில் நின்றன. அடுப்பில் கொதிக்கிற பானை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. குராஷினா மெதுவாகக் குனிந்து, மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"வேருக்கு எந்தப் பக்கம் அண்ணே?"

இவாவோ வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தி என்ன பிரயோஜனம்? எல்லோருக்கும் திடீரென்று கொட்டாவி வந்தது. நாளைக்கு வெள்ளென எழுந்திருக்கணும் என்று ஒருத்தர் பின் ஒருத்தராக நழுவினார்கள். சயோரி வாசல் பலகையை உள்ளே எடுத்து வந்து, 'நாளை கடை விடுமுறை' என்று எழுதினாள்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் இவாவோ தூண்டிலும் இல்லாமல், சுற்று வழியும் இல்லாமல், நேரே கோயில் பக்கம் ஓடினார். மூச்சிரைக்க ஏறிப் பார்த்தால், நேற்றுச் சாப்பிட்ட கூட்டம் மொத்தமும் ஆளுக்கொரு கூடையோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தது. நேற்றுச் சாப்பிட வராதவர்களும் நாலு பேர் வந்திருந்தார்கள். எல்லோர் முகத்திலும் கடுகடுப்பு.

"என்ன அண்ணே, இப்படி ஏமாத்திட்டீங்க?" குராஷினா காலிக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினான். "மண்ணு காஞ்சு கிடக்கு. இந்த வருஷம் இங்க ஒண்ணு முளைச்ச அடையாளமே இல்லை."

"முளைக்கவே இல்லையா? அப்ப யாரும் திருடலையா?"

"இருந்தாத்தானே திருட? சரி விடுங்க. இடம் நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷம் மழை பேஞ்சதும் எல்லாரும் வந்து பார்த்துக்கிறோம்."

எல்லோரும் வருவார்களாம்! இவாவோ தலையில் அடித்துக்கொண்டு இறங்கினார். அப்பா டாக்டரை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னதை, இவர் எட்டு முக்காலிக்கு முன்னால் கத்திவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக் கதவைத் திறந்தால் குப்பென்று அதே வாசனை! அடுப்பில் காளான் சோறு வெந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கூடை நிறையப் பைன் காளான், ஈர மண்ணோடு. மித்சுயோ பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இது... இது ஏது?"

"பறிச்சேன்."

"நேத்துக் கெண்டியில இருந்தது?"

"அதுவும் நான் கொடுத்ததுதான்."

"அது என் மரத்துது! என் மூக்கு..."

"பாவம், அதுக்கும் வயசாகுதுல்ல." மித்சுயோ கையைத் துடைத்துக்கொண்டு சோற்றைக் கிளறினாள். "இந்த குராஷினா இருக்கானே, மூணு நாளா நான் எங்க போனாலும் பின்னாலேயே வந்தான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர். எனக்கு மலைப்பக்கம் தலைவச்சும் படுக்க முடியலை. இன்னைக்குத்தான் எல்லாரும் உங்க மரத்தடிக்குப் போயிட்டாங்க, என் பக்கம் ஒரு ஈ காக்கா இல்லை. நிம்மதியாப் பறிச்சேன்."

"அடிப்பாவி! அப்ப நேத்து வேணும்னுதான் என் வாயைக் கிளறினியா?"

"நான் வடக்குன்னுதானே சொன்னேன்? தெற்குன்னு கத்துனது யாரு?"

"எத்தனை வருஷமா இந்த வேலை?"

"கல்யாணமான மறுவருஷத்திலேருந்து."

"இடம் எங்க?"

"சோறு ஆறிடும், உட்காருங்க."

இவாவோ உட்கார்ந்தார். கோபத்தில் சாப்பிடக் கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் சோறு அவ்வளவு நன்றாக இருந்தது, பாழாய்ப்போன சோறு! ரெண்டாம் கிண்ணம் முடியும்போது கொஞ்சம் தெம்பு வந்தது. ரோஷமும் வந்தது.

"போனாப் போகுது போ. அப்பா எனக்கு இன்னொரு இடமும் சொல்லிட்டுத்தான் போயிருக்காரு. உன்னால என்ன பண்ண முடியும்?"

மித்சுயோ அவருடைய கிண்ணத்தை வாங்கி, பெரிய துண்டாகப் பார்த்துப் போட்டு மறுபடியும் நிரப்பினாள்.

"அப்படியா? நாளைக்கு சயோரி கடை திறந்துடும். சாப்பிடப் போலாமாங்க?"