விஷம் தயாரித்துக் கொடுத்த வகையில்

உயிரைக் காப்பாற்றுபவர் மருத்துவர் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவிகளுக்காக இதை எழுதுகிறேன். காப்பாற்றுவது பில்லிங் பிரிவு. மைசூரு விஜயநகரில் உள்ள எங்கள் மருத்துவமனையில் அந்தப் புனிதப் பிரிவின் தலைவன் கணேஷ்குமார், அதாவது அடியேன். ஊசியில் எந்தப் பக்கம் கூர் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். ஆனால் ஊசியை உறையிலிருந்து எடுப்பதற்குத் தனிக் கட்டணம், பஞ்சை நனைப்பதற்குத் தனிக் கட்டணம் என்று கண்டுபிடித்தவன் நான்தான்.

நஞ்சுண்டசாமியை எங்களிடம் அனுப்பியது ஒரு மலைத்தேனீ. கொள்ளேகால் பக்கத்துக்காரர், உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி பெயிண்ட் அடிப்பவர். ஒரே கொட்டில் மூச்சடைத்து, செத்துப் பிழைத்தார். டாக்டர் மனிஷா வழி சொன்னார்: தேனீயின் விஷத்தையே மருந்தாகத் தயாரித்து, துளித்துளியாக ஏற்றிவந்தால் உடம்பு பழகிவிடும். ஊசியை விடாமல் போட்டால்தான் கயிற்றில் ஏற்றுவேன் என்று மேஸ்திரியும் சொல்லிவிட்டார்.

விஷத்தை மருந்தாக்குவது டாக்டரின் வேலை. மருந்தை பில்லாக்குவது என் வேலை. 'கலக்கல் கட்டணம்' போட்டேன். பிறகு 'குலுக்கல் கட்டணம்'. ஏழைக்கும் புரியட்டுமே என்ற பெருங்கருணையில் ஆங்கிலத்தை ஒழித்து, விவரத்தைக் கன்னடத்தில் நானே எழுதினேன். தமிழில் சொன்னால், 'நஞ்சுண்டசாமிக்கு விஷம் தயாரித்துக் கொடுத்த வகையில்'.

சில நாளில் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து கிரண் என்பவர் போன் செய்தார்.

"இது தானா விஷம் குடிச்ச கேஸ் அல்வா, சார்?"

கன்னடத்தில் 'அல்வா' என்றால் 'அல்லவா'. தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கிரண் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்.

"ஐயோ, குடிக்கலை சார். தேனீ விஷம்!"

"பில்லுல தேனீயே இல்லையே. விஷம் தயாரிச்சுக் கொடுத்தோம்னு நீங்களே எழுதிருக்கீங்க. பேஷண்ட் பேரைப் பாருங்க, நஞ்சு உண்ட சாமி. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"அது நஞ்சன்கூடு கோயில் சாமி பேரு சார்!"

"அப்போ அந்தச் சாமியையே பில் கட்டச் சொல்லுங்க."

உடனே அவசரக் கூட்டம் கூட்டினேன். பிஸ்கட் வந்தது. 'தேனீ' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் முடிந்துவிடும் என்றார் டாக்டர் மனிஷா. மருத்துவம் படித்தவர், பாவம், நிர்வாகம் தெரியாது. என் பிரிவின் பில்லைத் திருத்தினால் அது தவறு என்று ஆகிவிடாதா? 'பில் சரியானது, நோயாளியின் பெயரே பிழையானது. ஆதாரில் மாற்றிக்கொண்டு வரும்வரை ஊசி நிறுத்திவைக்கப்படும்' என்று தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் நஞ்சுண்டசாமியின் மனைவி மாரக்காள் என் ஜன்னலுக்கு வந்தார்.

"ஏனுங்க சார், இந்த வாரம் ஊசி தப்புனா மறுக்கா முதல்ல இருந்து போடோணும்னு டாக்டரம்மா சொல்றாங்க. மேஸ்திரியும் வேலைக்கு ஏத்த மாட்டேங்கறாரு. தேனீன்னு ஒரு வார்த்தை எழுதுனா ஆகாதுங்களா?"

"அம்மா, இது நிர்வாக விஷயம்."

'விஷயம்' என்று சொல்லும்போது நடுவிலிருந்த 'ய' மட்டும் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அந்த வாரம் போயிற்று. அடுத்த வாரமும் போயிற்று. பில் மட்டும் ஒரு கீறல் விழாமல் இருந்தது. மருத்துவமனை ஆண்டு விழாவில் எனக்குச் 'சிறந்த ஆவணத் தூய்மை' விருது கொடுத்தார்கள். கேடயத்தோடு படி இறங்கும்போது நஞ்சுண்டசாமி எதிரே வந்தார். பழைய ரிப்போர்ட்டுகளை வாங்கிப்போக வந்தாராம்.

"ஊசி எங்கே போட்டுக்கறீங்க?" என்றேன் அக்கறையோடு.

"எங்கயும் இல்லீங்க. வேற மேஸ்திரி கிடைச்சிருக்காரு. தேனீ கொட்டுன சங்கதியை அவருகிட்டச் சொல்லலீங்க. நாளைக்குக் கயித்துல ஏறோணும்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதற்குக் 'கலக்கல் கட்டணம்' கிடையாது. "தேனீ கிட்ட ஜாக்கிரதையா இருங்க" என்றேன். அதையும் இலவசமாகத்தான் சொன்னேன்.

அவர் என்னையும் கேடயத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது பரவால்லீங்க சார். கொட்டுன கையோட செத்துப் போச்சு. நீங்க நல்லா இருங்க."